திரைக்குப் பின்னிருந்த எழுத்தன்

படித்து முடித்த பின்னரும் படித்தவனை விடாது பின்தொடரும் கதைகள் சில உள. அமெரிக்க நாட்டு ஆசிரியர் ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘பார்டில்பி’ அவற்றுள் ஒன்று. 1853-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில், நியூயார்க் நகரத்து மாத இதழொன்றில், ஆசிரியர் பெயரின்றி இரு பகுதியாக அது வெளிவந்தது. அண்மையில் எம் வகுப்பு நண்பர் சிலர் கூடி அதனைப் படித்தோம். முடித்தவுடன் எழுந்த வினா, ‘இவன் சோம்பேறியா, பித்தனா, வீரனா?’ என்பதே. இம்மூன்றும் அல்லன் என்பதும், வினா எழவேண்டுவது அவனைப்பற்றி அன்று, வேறொருவரைப்பற்றி என்பதும் எம் கருத்து. அதனைக் காரணங்காட்டி நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

கதையை அறியாதார்பொருட்டு அதனைச் சுருக்கிக் கூறுவாம். நியூயார்க்கின் வால் தெருவில் முதியவரான வக்கீல் ஒருவர் எழுத்துக்கூடம் ஒன்று வைத்திருக்கிறார். கதையைச் சொல்பவரும் அவரே. பத்திரங்களைப் பெயர்த்தெழுதுவதற்கு அவரிடம் இரு குமாஸ்தாக்கள் உளர். ஒருவர் நண்பகல் வரை ஒழுங்காயிருந்து பின்னர்ச் சீறுவார். மற்றவர் காலையிற் சீறிப் பின்னர் அடங்குவார். ஏவல் செய்யப் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன் உண்டு. அக்காலத்தில் நூறு சொற்களைப் பெயர்த்தெழுதினால் நான்கு சென்ட்டு கூலி. வேலை மிகுதிப்படவே, பார்டில்பி என்னும் அமைதியான இளைஞனை வக்கீல் அமர்த்திக்கொள்கிறார். அவன் முதலில் இரவும் பகலும் ஓயாது எழுதுகிறான். மூன்றாம் நாள், எழுதியதை மூலத்துடன் ஒப்புநோக்க அழைக்கிறார் வக்கீல். தான் அதனைச் செய்யாதிருப்பதையே விரும்புவதாக மென்மையாய் மறுமொழி வருகிறது. சினமில்லை, செருக்கில்லை, காரணமுமில்லை. பின்னர் ஒவ்வொரு வேலைக்கும் அதே மறுமொழி. இறுதியிற் பெயர்த்தெழுதுவதையும் அவன் நிறுத்திவிடுகிறான். ஆயினும் அறையைவிட்டு அகலவில்லை. அவனை அகற்ற இயலாத வக்கீல் தம் கூடத்தையே வேறிடத்திற்கு மாற்றிக்கொள்கிறார். கட்டடத்துக்கு உரியவர் அவனை நாடோடி என்று சிறைக்கு அனுப்புகிறார். சிறையில் உணவையும் மறுத்து அவன் உயிர் துறக்கிறான்.

இக்கதைக்குப் பொருள் கூறுவோர் பலதிறத்தர். முதலாளியின் உலகத்தை ஒரு சொல்லால் எதிர்த்த வீரன் அவன் என்பர் ஒருசாரார். மெல்வில்லே அவன் என்பர் மற்றொருசாரார்: 1851-இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ என்னும் பெருநூல் அவர் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை, பிறர் விரும்பியவாறே மீண்டும் எழுத மறுத்த ஆசிரியரின் உள்ளமே பார்டில்பியாய் வடிவெடுத்தது என்பது அவர் கருத்து. 1866 முதல் பத்தொன்பது ஆண்டுகள் மெல்வில் நியூயார்க்கில் சுங்க அதிகாரியாய் நாட்கூலிக்கு உழைத்தவர் என்பதை நினைக்குங்கால், இக்கருத்தில் ஒரு வருத்தமான வேடிக்கை உண்டு. மறுக்கும் மனிதனைப் படைத்தவர், தாம் மறுக்கவில்லை. பிழைப்பிற்காக அலுவலகம் சென்றார்.

இவ்வுரைகளைப் பொய்யென்று தள்ளோம். ஆயின், வீரன் என்பார்க்கு ஒன்று கூறுவோம். வீரன் ஏதேனும் ஒன்றை வேண்டிப் போராடுவான். பார்டில்பி எதனையும் வேண்டவில்லை. கூலி உயர்வு கேட்டானல்லன். பிற குமாஸ்தாக்களைத் தன்பால் ஈர்த்தானல்லன். சோம்பேறி என்பார்க்கும் ஒன்று கூறுவோம். சோம்பேறி முதல் இரு நாளும் பசித்தவன் உண்பதுபோல் எழுதியிரான்.

அங்ஙனமாயின், பெயர்த்தெழுதும் தொழிலே மனிதனைக் கொல்வதோ? நண்பர் ஒருவர் அவ்வாறே வாதித்தார். இதனை மறுக்க யாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை; எம் ஊராகிய உடையார்பாளையம் வரை சென்றாற் போதும். அவ்வூர்ச் சமஸ்தானத்தில் வித்துவானாய் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர் வேங்கடசுப்பையர். அவர்தம் மகனார், பார்டில்பி வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1855-இல், பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் இளமையில் அரியலூர்ப் பக்கங்களிலேயே தமிழ் பயின்றார். பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராய்ச் சேர்ந்து, ஆசிரியர் வாய்மொழியாய்ப் பாடல் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதினார். அதுவும் எழுத்தர் வேலையே. 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றுதற்கு முன் அவர் செய்த பெரும்பணி யாது? ஒருவர் ஏட்டைப் படிக்க, மற்றவர் வேறோர் ஏட்டை வைத்துக்கொண்டு ஒப்புநோக்குவது. பார்டில்பி முதன்முதல் மறுத்த வேலை எதுவோ, அதே வேலை! பெயரறியாத எத்தனையோ எழுத்தர் தலைமுறை தலைமுறையாய்ச் செல்லரித்த ஓலைகளைப் புதிய ஓலையிற் பெயர்த்திராவிடின், தமிழ் மாணவராகிய எமக்குப் படிக்க நூல் ஏது?

ஆகவே, தொழில் ஒன்றே, உயிர் வேறு. வேறுபாடு எங்கே உள்ளது? ஏடெழுதிய மாணவர், தாம் எழுதுவது இன்னதென்றும், யார்பொருட்டென்றும் அறிவார். அவர் ஆசிரியரின் முகத்தை நோக்கி எழுதினார், ஐயம் வினவினார், ஆசிரியர் அவர்தம் பசியறிந்தார். வால் தெருவிலோ, எழுதப்படுவது எவருடைய பத்திரமென்று எழுதுபவன் அறியவேண்டுவதில்லை. எழுதுபவன் எவனென்று எழுதுவிப்பவரும் அறியவேண்டுவதில்லை.

கதையின் உயிர்நிலை ஒரு சிறு பொருளில் உளது என்பது எம் துணிபு. அஃது ஒரு பச்சைத் திரை. பார்டில்பியைத் தம் அறையிலேயே, செங்கற்சுவரை நோக்கிய பலகணி அருகே அமர்த்துகிறார் வக்கீல். நடுவே மடக்குத் திரையொன்றை நிறுத்துகிறார். தம் குரல் அவனுக்கு எட்டவேண்டும், அவன் உருவம் தம் கண்ணிற்குத் தோன்றலாகாது என்பதே ஏற்பாடு. அதனைச் சிறந்த ஏற்பாடென்று அவர் மகிழவும் செய்கிறார். ஏவல் செல்லும், முகம் வாராது. இத்திரை நின்ற நாளிலேயே அவனுடைய சாவு தொடங்கிவிட்டது.

வக்கீலைக் கொடியரென்று யாம் கூறமாட்டோம். வேறெவரும் அவனை முதல் நாளே தெருவில் தள்ளியிருப்பர். இவரோ பொறுத்தார், அவனுடைய வரலாற்றைப் பரிவோடு வினவினார், சேரவேண்டிய பன்னிரண்டு டாலருக்குமேல் இருபது டாலர் வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையொன்றில் ஆலயத்திற்குச் செல்லும் வழியில் கூடத்தினுள் நுழைந்து, வீடற்ற அவன் அங்கேயே வாழ்வதைக் கண்டு உள்ளம் நைந்தார். அன்று ஆலயத்திற்கும் அவர் செல்லவில்லை. சினம் மூண்டபோது, ஒருவரிலொருவர் அன்பாயிருக்குமாறு ஆண்டவர் அருளிய புதிய கட்டளையை நினைந்து அடங்கினார். இவையெல்லாம் கிறிஸ்தவ நெஞ்சின் அடையாளங்களே.

ஆயின், ஒவ்வோர் உதவியின் இறுதியிலும் ஒரு வாயில் திறந்திருப்பதைக் காண்மின். அவ்வாயில் அவன் வெளியேறுவதற்கு. பணம் கொடுப்பது, அவன் போவதற்கு. அறிவுரை கூறுவது, அவன் போவதற்கு. அவன் போகவில்லையென்றதும் தாமே போய்விட்டார். பின்னர், அவனுக்கு நீர் பொறுப்பன்றோ என்று புதிதாய்க் குடிவந்தவர் வினவ, அவன் தமக்கு ஒன்றுமில்லையென்று கூறிவிட்டார். பிரதான ஆசாரியன் முற்றத்தில், குளிர்காய்ந்து நின்ற பேதுருவை நினையாமல் இவ்விடத்தைப் படித்தல் எமக்கு இயலவில்லை. எம் இல்லத்திற்கு வா என்று அவர் அழைத்ததும் உண்டு. அழைத்தது எப்பொழுது? வேறெல்லா வழியும் அடைபட்ட பின்பு, கடைசியில். அவன் அதனையும் மறுக்கவே, அவர் ஊரைவிட்டுச் சில நாள் ஓடினார்.

இதற்குமேல் அவர் யாது செய்திருத்தல் கூடும் என்று கேட்பர். நேர்மையான கேள்வி. எவ்வளவு அன்பு செய்தாலும் மீட்க இயலாதார் உலகில் உளர். பார்டில்பி அவருள் ஒருவனாயிருத்தல் கூடும். அவன் நோயுற்றவன் என்று வக்கீலே ஒருகால் எண்ணுகிறார். எம் குறை அவர் அவனை மீட்கவில்லை என்பதன்று. அவனிடம் காரணம் கேட்டார், வேலை கேட்டார், விடுதலை கேட்டார். எதுவும் கேளாது ஒரு நாழிகை அத்திரைக்கு அப்பால் அமர்ந்தாரில்லை என்பதே.

கதையின் முடிவில் ஒரு வதந்தி வருகிறது. பார்டில்பி முன்னர் வாஷிங்டனில், உரியாரைச் சேராத கடிதங்கள் வந்தடையும் அஞ்சல் நிலையத்தில் கீழ்நிலை எழுத்தனாயிருந்தானாம். மன்னிப்பைச் சுமந்தவை, நம்பிக்கையைச் சுமந்தவை, பசித்தவனுக்குப் பணம் சுமந்தவை, எல்லாம் நெருப்பிற்கு. எம் நாட்டில், வட்ட அலுவலக வாயில்களில் மரத்தடியில் அமர்ந்து மனு எழுதித் தருவோரைக் கண்டவர்க்கு இவ்விடம் எளிதில் விளங்கும். பேசத்தெரிந்தும் எழுதத்தெரியாத முதியவள் ஒருத்தி தன் வாழ்நாள் துயரத்தையெல்லாம் சொல்ல, அஃது ஒரு தாளில் ‘ஐயா’ என்று தொடங்கி ‘பணிவுடன்’ என்று முடிகிறது. அத்தாள் சென்று சேரும் இடத்திலும் ஓர் எழுத்தர் உளர். அவர்க்கும் அவளுக்கும் நடுவிலும் ஒரு திரை உண்டு. எம் ஊர் இளைஞருட் பலர் அவ்விருக்கையை நாடியே தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்விற்கு இரவும் பகலும் படிக்கின்றனர். அதனை யாம் இகழோம். வறிய குடும்பத்தில் அடுப்பு எரிவது அவ்விருக்கையால். அதில் அமரும் நாளில் இக்கதையை ஒருமுறை நினைத்தல் நலம் என்றே கூறுவோம்.

நிற்க. பிறரைக் குறைகூறியது போதும், எம்மையும் கூறவேண்டும். சென்ற ஆண்டு விடுதியில் எம்முடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் ஒருவன், எம் ஊரினனே, சிறிது சிறிதாய் வகுப்பிற்கு வருவதை நிறுத்தினான். சுவரை நோக்கிப் படுத்திருப்பான். யாம் நல்லவராகவே நடந்தோம்: எம் குறிப்பேடுகளை அவன் மேசைமேல் வைத்தோம், அறிவுரை கூறினோம், இறுதியில், சில நாள் வீட்டிற்குச் சென்று வா என்று பேருந்துக் கட்டணமும் கொடுத்தோம். அவன் சென்றான். அறை அமைதியாயிற்று. அவ்வமைதி எமக்கு இனிதாயிருந்தது என்பதை ஒளியோம். அவன் திரும்பவில்லை, யாமும் எழுதவில்லை.

இக்கதையைப் படித்து வக்கீல் இருபது டாலர் வைக்கும் இடம் வந்ததும், புத்தகத்தை மூடிவிட்டோம். அடுத்த விடுமுறையில் உடையார்பாளையம் சென்று அவன் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவன் அன்னையார், “வா தம்பி” என்று மட்டும் கூறித் திண்ணையைக் காட்டினார். அவன் அங்கிருந்தான். ஏன் வரவில்லையென்று யாம் கேட்கவில்லை. எப்பொழுது வருவாயென்றும் கேட்கவில்லை. அருகில் அமர்ந்தோம். வெகுநேரம் சென்றபின், தோப்பில் முந்திரி பூத்திருப்பதாக அவன் சொன்னான். காட்டு என்றோம். எழுந்து முன்னே நடந்தான்.

அவன் கல்லூரிக்கு இன்னும் மீளவில்லை. மீளுவானா என்பதும் அறியோம். ஆயினும் திங்கள்தோறும் ஒருமுறை யாம் சென்றுவருகிறோம். மெல்வில்லின் கதைக்கு யாம் கண்ட உரை இவ்வளவே. இதனினும் சிறந்த உரை காண்பாருளராயின் அவர்க்குத் தலைவணங்குவோம்.