வார்ட் பிளேசுக்கும் எல்விட்டிகல மாவத்தைக்கும் நடுவே

தேசிய அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ படம் எடுக்க வேண்டுமென்றால் அதற்குரிய அரச திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். முகம் நேராக இருக்க வேண்டும், நிழல் விழக் கூடாது. எடுத்த படம் கணினி வழியே திணைக்களத்துக்குப் போய்விடும், விண்ணப்பக்காரரின் கையில் ஒரு துண்டுச்சீட்டு மிஞ்சும். நம் தொழிலை அரசாங்கம் முறைப்படி ஏற்றுக்கொண்டிருக்கும் இடங்களில் இது ஒன்று. அந்த ஏற்பும் கடைக்குத்தான், ஆளுக்கு அல்ல. பொரளைச் சந்தியில் பத்து வருடம் அந்த வேலையைச் செய்த பையன் நாளை வெள்ளவத்தையில் வேறு ஸ்டூடியோவுக்கு மாறினால், தன்னோடு எடுத்துப் போக அவனிடம் ஒரு கடுதாசியும் இல்லை.

இருப்பவை பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்கள். கமரா நிறுவனம் நடத்திய ஒரு நாள் வகுப்பு, தனியார் நிறுவனத்தின் மூன்று மாத டிப்ளோமா, சங்கத்தின் போட்டிப் பரிசு. இவற்றில் சில மிக நல்லவை. ஆனால் ஒன்றோடு ஒன்றைக் கூட்ட முடியாது. ஐந்து சான்றிதழ் வைத்திருப்பவரும் ஒன்றும் இல்லாதவரும் பல்கலைக்கழகத்தின் வாசலில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இதைச் சரிசெய்யக்கூடிய இரண்டு அலுவலகங்களும் பொரளைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வார்ட் பிளேசில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. எல்விட்டிகல மாவத்தையால் போனால் நாரஹேன்பிட்டியில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. முதலாவது பட்டங்களையும் டிப்ளோமாக்களையும் பார்க்கிறது, இரண்டாவது ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்தகைமையைப் பார்க்கிறது. காகிதத்தில் இரண்டும் சந்திக்கின்றன: தொழிற்தகைமையின் 5ஆம் மட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் 3ஆம் மட்டத்துக்குச் சமன், 6 என்பது 4க்கு, 7 என்பது 5க்கு. வேலை செய்துகொண்டே படிக்க நினைக்கும் புகைப்படக் கலைஞர் மட்டும் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சட்டகத்தின் 3ஆம் மட்டத்தில் டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, சுயகற்றல், ஒப்படை, மதிப்பீடு எல்லாம் சேர்த்து 50 மணி நேரம். ஆக 1500 மணி. சனி ஞாயிறு கலியாணம், திங்கள் செவ்வாய் அல்பம், மீதி நாள் கவுண்டர் என்று ஓடுகிறவருக்கு இது எட்டாத தொலைவு. இதற்கு மாறாக, பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் டிஜிட்டல் புகைப்படக்கலையில் பத்து வாரக் குறும்பாடநெறி ஒன்றை நடத்தியது. அதற்குப் பத்து கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் பத்து மணி, ஆகவே மொத்தம் 100 மணி. மாணவர்கள் வாராவாரம் படம் எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள், ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் எழுதினார்கள். நியூசிலாந்து 2018இல் இருந்து இத்தகைய சிறு தகைமைகளைத் தன் தேசியக் கல்வி முறைக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. நம் அளவுகோலில் 100 மணி என்றால் இரண்டு கிரெடிட். ஒரு கலைஞரால் ஒரு மூச்சில் தாங்கக்கூடிய சுமை அவ்வளவுதான். இரண்டு கிரெடிட் அலகுகளாகப் பாடநெறியை வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிந்து, பதினைந்து சேர்ந்ததும் டிப்ளோமா கொடுங்கள் என்பதுதான் இந்த இதழின் கோரிக்கை. நாவலையில் 1980 முதல் இயங்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், தொழில் வழி வந்தவர்களுக்கென்றே 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமும் இதைச் செய்யத் தகுந்த இடங்கள்.

ஏற்கெனவே செய்த வேலைக்கு என்ன மதிப்பு என்பது சிக்கலான கேள்வி. தொழிலகப் பயிற்சியில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணி என்கிறது சட்டகம். நம்மில் பலருக்கு இது கோபமூட்டும். எனக்கு அது பிழையாகப் படவில்லை. ஒரே ஃபிளாஷை ஒரே கோணத்தில் வைத்து மூன்று வருடம் எடுத்தவர் மூன்று வருடம் கற்றவர் அல்ல. மணிக்கணக்கை விட்டு, படங்களைக் கேட்க வேண்டும். 1853இல் தொடங்கிய பிரித்தானிய ரோயல் புகைப்படச் சங்கம் தன் முதல் தகைமைக்குப் பத்துப் படங்களையும் அடுத்ததற்குப் பதினைந்தையும் கேட்கிறது. நாம் பத்துப் படத்தையும் அவற்றின் ரோ கோப்புகளையும், தெரிவில் கழிந்துபோன படங்களையும் சேர்த்துக் கேட்கலாம். எதை எடுத்தார் என்பதோடு எதைக் கழித்தார் என்பதும் தெரிந்தால்தான் கண் தெரியும். செயற்கை நுண்ணறிவு படம் செய்து கொடுக்கும் காலத்தில் ரோ கோப்பைக் கேட்பது நேர்மைக்கும் காவல்.

காலண்டரையும் நம் தொழிலே போட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கலியாணம் இல்லை, தவக்காலத்தில் கொட்டாஞ்சேனைக் கோவில்களில் மணி அடித்துக் கலியாணம் நடப்பது அபூர்வம். நேரில் வர வேண்டிய வகுப்புகளை அந்த வாரங்களில் வைத்தால் யாரும் வருமானத்தை இழக்க வேண்டியதில்லை. செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டி நோக்கி வேல் ரதம் புறப்படுவதும் ஆடியில்தான். இரவு ஒளியில் ஊர்வலம் எடுக்கும் ஒப்படைக்கு அதைவிட நல்ல களம் கொழும்பில் இல்லை.

எதைக் கற்பிப்பது? மண்டபத்து மணவறையை எடுத்துக்கொள்வோம். பின்னால் எல்.இ.டி. திரை, மேலே டியூப் லைட், பக்கத்தில் வீடியோக்காரரின் விளக்கு. மணமகளின் ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் மஞ்சள். எந்த வைட் பேலன்சும் இரண்டையும் சேர்த்துத் திருத்தாது. ஃபிளாஷுக்கு ஜெல் போட்டு மண்டபத்து ஒளியோடு பொருத்துகிறவர்கள் சிலர். இன்னொரு பக்கம், வெள்ளை வேட்டியும் சட்டையுமாக மாப்பிள்ளை ஃபிரேமை நிறைத்தால் கமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச் சாம்பலுக்கு இழுக்கும், கறுத்த முகம் இன்னும் இருண்டுவிடும். பிறகு ஸ்டூடியோவில் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்: முகத்தை வெளுப்பாக்கிவிடுகிறோம். ஒளி அளவில் விட்ட குறையை மணப்பெண்ணின் தோலில் தீர்த்துக்கொள்கிறோம். கொடாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக வெள்ளைத் தோல் பெண்களின் படத்தை வைத்தே நிறம் சரிபார்க்கும் அட்டையைக் கலர் லேப்களுக்கு அனுப்பியது என்பது தெரிந்தால், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பகுதியாவது விளங்கும். கலப்பொளியில் நம் தோல் நிறம், இரண்டு கிரெடிட். என் விருப்பத்தில் முதல் அலகு இதுவே.

இரண்டாவது அலகுக்குக் கமராவே தேவையில்லை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையின்போது பொரளை பஸ் நிலையத்தருகே சந்திரகுப்த அமரசிங்க எடுத்த படத்தை அறியாத தமிழர் குறைவு. ஆடை உரியப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ் இளைஞர், சுற்றிலும் கூத்தாடும் கும்பல். ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் படம் மீண்டும் வருகிறது, பெரும்பாலும் எடுத்தவர் பெயர் இல்லாமல், சில வேளை ஓரம் வெட்டப்பட்டு. அந்த ஒரு படத்தோடு இரண்டு வாரம் இருக்க வேண்டும். எடுத்தவர் எங்கே நின்றார், எந்த லென்சின் தூரம் அது, ஓரத்தை வெட்டினால் யார் மறைந்துபோகிறார், அந்த இளைஞருடைய மானத்துக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம், படம் இல்லாதிருந்தால் மறுப்பவர்களுக்கு என்ன பதில் இருந்திருக்கும். அதே பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் வாசலில் இன்று நிற்கும் செய்திப் படப்பிடிப்பாளருக்கும் இந்தக் கேள்விகள் உதவும். தொழிற்பயிற்சி கையைப் பழக்கும். உயர்கல்வி என்ற பெயரை ஒரு குறும்பாடநெறி கேட்டு வாங்க வேண்டுமானால் இந்த இரண்டு வாரத்தை அது கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எடுத்தவருக்குத் தரும் உரிமையையும் இங்கேயே சேர்த்துப் படிக்கலாம்.

லயனல் வென்ட் எந்தச் சான்றிதழ் வைத்திருந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்க வேண்டிய கேள்விதான். 1938இல் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்த, 43 குழு என்ற ஓவியர் கூட்டத்துக்கு வழிகாட்டிய அந்த மனிதர் புகைப்படக்கலையைத் தானே கற்றார். ஆனால் அவருக்கு வசதி இருந்தது, நேரம் இருந்தது, சொந்த இருட்டறை இருந்தது, பேசிப் பழகக் கலைஞர்கள் கூட்டம் இருந்தது. உயர்தரம் முடிக்காமல் ஸ்டூடியோவில் சேர்ந்து, 2022இல் ரூபாய் சரிந்த பிறகு ஒரு லென்ஸ் வாங்கவும் தவணை தேடுகிற இளைஞருக்கு அவை எதுவும் இல்லை. அவற்றில் இரண்டையாவது, நேரத்தையும் கூட்டத்தையும், பாடநெறியால் கொடுக்க முடியும்.

அதைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வகுப்பில் உட்கார்ந்து, பாதி விளங்கி, மீதியை யூடியூபில் தேடும் நிலை கொழும்புத் தமிழ்க் கலைஞருக்கும் மலையகத்தாருக்கும் பொது. புதுச் சொல் உண்டாக்கிக் காத்திருக்க வேண்டாம். ஷட்டர், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. என்று நாம் பேசுகிறபடியே விரிவுரை நடக்கட்டும், ஒப்படையைத் தமிழில் எழுத விடட்டும். கற்பிக்க ஆள் இல்லை என்பார்கள். பட்டம் பெற்றவர்கள் குறைவு என்பது மெய். முப்பது வருடம் இருட்டறையில் நின்றவர்களை வருகை ஆசிரியராக எடுக்க விதியில் இடம் கண்டுபிடிப்பது இரண்டு ஆணைக்குழுக்களின் வேலை.

நம் வேலையை நாம் தொடங்கலாம். கலப்பொளி அலகுக்கு மாதிரிப் படங்கள் வேண்டும். உங்கள் மண்டபப் படங்களில் தோல் நிறம் பிழைத்தவற்றை, ரோ கோப்போடும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த இறுதிப் படத்தோடும், படத்தில் இருப்பவரின் எழுத்துச் சம்மதத்தோடும் இதழுக்கு அனுப்புங்கள். ஒளி எங்கிருந்து வந்தது, எத்தனை விளக்கு, மீட்டர் என்ன காட்டியது என்று நாலு வரி எழுதிவிடுங்கள். போதிய அளவு சேர்ந்ததும் அலகின் வரைவோடு வார்ட் பிளேசுக்கு ஒரு பிரதியும் எல்விட்டிகல மாவத்தைக்கு ஒரு பிரதியும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.