படத்தில் இல்லாத தாய்



பிழைப்புக்காக மைசூருவில் வந்து குடியேறிய நம் விசுவாசக் குடும்பம் ஒன்றில் ஒரு தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனை அறிவிப்பில் வைக்க ஒரு படம் தேவைப்பட்டது. மகனுடைய கைப்பேசியில் ஏராளமான படங்கள் இருந்தன. ஞாயிறு மாலை விளக்குகள் ஒளிரும் அரண்மனைக்கு முன் பேரப்பிள்ளைகள், பிருந்தாவனத் தோட்டத்தில் மருமகள், ஞானஸ்நான ஆராதனையில் சபையார். அந்தத் தாயாரோ எதிலும் இல்லை. “எனக்கு வேண்டாம், நீங்கள் நில்லுங்கள்” என்று ஒவ்வொரு முறையும் விலகிப்போனவர்கள் அவர்கள். முடிவில் ஆதார் அட்டையிலிருந்த மங்கிய படத்தையே பெரிதாக்கினார்கள். “அம்மா இப்படி இருக்கமாட்டார்களே” என்று மகள் அழுததை என்னால் மறக்க இயலவில்லை.

பிரியமான சகோதரியே, நீங்களும் படம் எடுக்கும்போது ஒதுங்குகிறவர்களா? அதன் காரணம் என்னவென்று உங்கள் இருதயத்தைக் கேட்டுப்பாருங்கள்.

1895-ல் பெங்களூருக்கு வந்து, பின்பு தாய்நாடு திரும்பாமலே 1951-ல் தோனாவூரில் மகிமைக்குள் பிரவேசித்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் தம்மைப் படமெடுப்பதை விரும்பாதவர். தம் கல்லறைக்கு நினைவுக்கல்லும் வேண்டாம் என்றார். ஆனால் அவர் தம் முகத்தை வெறுத்தவர் அல்லர். சிறுவயதில் நீலக்கண்கள் வேண்டுமென்று ஜெபித்தும் பழுப்புக் கண்களே நிலைத்தன. பிற்காலத்தில் சேலை உடுத்தி நம் மக்களிடையே ஊழியம் செய்தபோது, அந்தக் கண்களின் நோக்கத்தை உணர்ந்தார். தம்மை மறைத்த அவரே, காப்பாற்றப்பட்ட குழந்தைகளின் முகங்களை உதகையின் பென் என்பவரைக்கொண்டு படமெடுப்பித்துத் தம் புத்தகத்தில் வெளியிட்டார். அது தாழ்மை.

நம்முடையது பெரும்பாலும் வேறு. நிறம் கறுப்பு, பல் விழுந்துவிட்டது, தீக்காயத் தழும்பு இருக்கிறது, பொட்டும் நகையும் இல்லாத முகத்தை அயலார் பரிகசிக்கிறார்கள். இது தாழ்மை அல்ல, வெட்கம். 1 சாமுவேல் 16:7-ஐயும் சங்கீதம் 139:14-ஐயும் வாசித்துத் தியானியுங்கள். தேவன் அதிசயமாய் உருவாக்கியதை நாம் ஒளித்துவைப்பது ஏன்?

பிறர் முன் நிற்கக் கூச்சமா? நீங்களே தனிமையில் எடுங்கள். காலையில் ஜன்னலுக்கு எதிர்முகமாக அமருங்கள். வெளிச்சம் முதுகுப்புறம் இருந்தால் முகம் இருண்டுவிடும். கைப்பேசியைக் கண் உயரத்தில் அலமாரியில் சாய்த்து, நான்கைந்து அடி தள்ளியிருங்கள். மிக அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தோன்றும். குறை உங்கள் மூக்கில் அல்ல, தூரத்தில்தான். பத்து விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் வசதி அதில் உண்டு. திரையைப் பாராமல் லென்ஸைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், முகம் தானாய் மலரும்.

படம் உங்களுக்கே அந்நியமாய்த் தோன்றலாம். கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டிய முகத்தையே இத்தனை ஆண்டுகளும் பார்த்துப் பழகினீர்கள். படத்திலிருப்பதோ உங்கள் பிள்ளைகள் அன்றாடம் காணும் முகம். அவர்களுக்கு அது அந்நியமல்ல. ஆகவே உடனே அழித்துவிடாதீர்கள். மறுநாள் மீண்டும் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அச்சிட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வேதாகமத்தில் வையுங்கள். ஊரிலிருக்கும் தாய்க்கும் ஒன்று அனுப்புங்கள்.

மாலையிட்டு வணங்குவதற்காக அல்ல, பெருமைக்காகவும் அல்ல. படமே வேண்டாமென்று மனச்சாட்சியில் தீர்மானித்தவர்களை நான் நெருக்கவும் இல்லை. வெட்கத்தினால் விலகுகிறவர்களுக்கே இதை எழுதுகிறேன். நம் ஆண்டவரை முகமுகமாய்க் காணும் நாள் வருகிறது. அன்று எவரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அதுவரை, உங்கள் பிள்ளைகள் தேடும் முகத்தை அவர்களுக்கு மறைக்காதிருங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.