கேக், வெண்ணெய் பன், அல்வா... எல்லாம் ஒன்றுதான்!

"ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியுது. சேர்த்துச் சொன்னா மட்டும் புரிய மாட்டேங்குது." ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் பலரும் சொல்வது இது. ரெயின், கேட், டாக் மூன்றும் யு.கே.ஜி குழந்தைக்கே தெரியும். ஆனால் 'இட்ஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றால், வானத்தில் இருந்து பூனையும் நாயுமா விழுகிறது? வார்த்தைகளின் நேர் அர்த்தத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லும் இப்படிப்பட்ட தொடர்தான் 'இடியம்'. தமிழில் மரபுத்தொடர் என்போம்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு தி.நகரிலோ அடையாறிலோ முதல் வேலையில் சேர்ந்தவர்களை இந்த இடியம்கள் ரொம்பவே படுத்தும். மீட்டிங்கில் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் என்று தெரியாமலேயே நாமும் சிரித்து வைப்போம். இரண்டு தடவை இப்படி நடந்தால், 'நமக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவுகட்டிவிடுவோம்.

அந்த முடிவு தப்பு. அதைக் காட்ட இந்த வாரம் போலந்துக்காரர்களைச் சாட்சிக்கு அழைப்போம்.

ஏன் போலந்து?

அவர்களும் ஐரோப்பியர்கள். ஆங்கிலத்தைப் போலவே ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் ஆங்கில இடியம்களை அவர்களும் நம்மைப் போலவே ஒவ்வொன்றாக உட்கார்ந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

சென்னைக்கும் போலிஷ் மொழிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பிரம்மஞான சபையைச் சேர்ந்த வாண்டா டினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1935-ல் இந்தியா வந்தார். உமாதேவி என்ற பெயரோடு இங்கேயே தங்கிவிட்டார். மாரிஸ் ஃபிரிட்மனோடு சேர்ந்து 1944-ல் மெட்ராஸில் 'போலந்து-இந்திய நூலகம்' என்ற வெளியீட்டைத் தொடங்கி, பகவத் கீதை உள்ளிட்டவற்றைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுபோனார்.

இனி, மூன்று மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1. பீஸ் ஆஃப் கேக்

மிகச் சுலபமான வேலை. போலந்தில் 'புவ்கா ஸ் மாஸ்வெம்' என்பார்கள். அதாவது, வெண்ணெய் தடவிய பன். நமக்கு 'அல்வா சாப்பிடுற மாதிரி'. மூன்று ஊரும் சுலபத்தைச் சாப்பாட்டில்தான் காட்டுகின்றன. பண்டம் மட்டும் மாறுகிறது. ஆனால் நம்மிடம் 'அல்வா கொடுத்துட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். தமிழ் கற்கும் ஒரு போலந்துக்காரர் இதற்கு எப்படி முழிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்!

2. ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்

பேய்மழை. போலந்தில் 'வாளியில் இருந்து ஊற்றுவதுபோல' மழை கொட்டும். ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே இந்த ஆங்கிலத் தொடர் இருக்கிறது. அவ்வளவு பழசு. இன்றைய பேச்சில் 'இட்ஸ் போரிங்' என்று சொன்னாலே போதும்.

3. அவுட் ஆஃப் தி ஃப்ரையிங் பேன், இன்ட்டு தி ஃபயர்

ஒரு கஷ்டத்தில் இருந்து தப்பி அதைவிடப் பெரிய கஷ்டத்தில் மாட்டுவது. நம் பழமொழியும் வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுவதைத்தான் சொல்கிறது. போலந்துக்காரர்களோ 'மழைக்குப் பயந்து, கூரைத் தண்ணீர் கொட்டும் குழாய்க்கு அடியில் நின்றதுபோல' என்பார்கள். இங்கே நமக்குத்தான் ஆங்கிலம் பக்கத்து வீடு!

4. ஆட் ஃப்யூவல் டு தி ஃபயர்

சண்டையை இன்னும் கிளறிவிடுவது. 'எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றாதே' என்போம். போலந்திலும் அதே தீ, அதே எண்ணெய்.

5. வென் பிக்ஸ் ஃப்ளை

பன்றி பறக்கும்போது, அதாவது நடக்கவே நடக்காது. போலந்தில் 'என் உள்ளங்கையில் கள்ளிச்செடி முளைக்கும்' என்பார்கள். நம்மிடம் இருக்கவே இருக்கிறது, அத்தைக்கு மீசை முளைக்கும் கதை.

6. நாட் மை சர்க்கஸ், நாட் மை மங்கீஸ்

'என் சர்க்கஸும் இல்லை, என் குரங்குகளும் இல்லை.' அது உங்கள் பாடு, எனக்குச் சம்பந்தமில்லை என்று அர்த்தம். கேட்டால் பக்கா ஆங்கிலம்போல இருக்கும். ஆனால் இது போலந்துப் பழமொழி. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இப்போது நம் ஊர் ஆபீஸ் வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. நண்பரிடம் சொல்லலாம். மேனேஜரிடம் வேண்டாம்.

காலை வாரும் இடம்

சில இடியம்கள் தமிழ் போலவே தெரியும். ஆபத்து அங்கேதான். 'என் காலை வாரிட்டான்' என்றால் நமக்கு அது துரோகம். அதை அப்படியே 'ஹி புல்ட் மை லெக்' என்று சொன்னால், 'சும்மா கலாய்த்தான்' என்றுதான் கேட்பவருக்குப் புரியும். நீங்கள் ஹெச்.ஆரிடம் புகார் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவர் ஏதோ ஜோக் என்று சிரிப்பார். அந்த இடத்தில் 'ஹி லெட் மி டவுன்' என்று சொல்லுங்கள். துரோகம் பெரிது என்றால் 'ஹி ஸ்டாப்ட் மி இன் தி பேக்'. முதுகில் குத்துவது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

அவர்களும் முழித்தவர்கள்தான்

நாம் இன்று ஆங்கிலத்துக்கு முழிப்பதுபோல, அன்று ஆங்கிலேயர்கள் தமிழுக்கு முழித்தார்கள். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடித் தொகுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1842-ல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். பிறகு மெட்ராஸ் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1874-ல் இங்கே வந்த அவருடைய பெரிய தொகுப்பில் இருந்தவை 6,000-க்கும் அதிகமான பழமொழிகள். ஒரு மொழியின் இடியம் அந்த மொழிக்குள் பிறக்காத யாருக்கும் தானாகப் புரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

எப்படிக் கற்பது?

* ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதலில் ஆங்கில இடியம். அடுத்து, அதை எந்தச் சூழலில் சொல்வார்கள் என்பது. கடைசியாக, அதே சூழலில் உங்கள் பாட்டி என்ன சொல்வார் என்பது. மூன்றாவது கட்டத்தை நிரப்பிவிட்டால் இடியம் மறக்காது.

* யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

* இன்டர்வியூவில் இடியம்களைக் கொட்ட வேண்டாம். அங்கே எளிய வாக்கியம் போதும். அடுத்தவர் சொல்லும்போது புரிந்தால், அதுவே பாதி வெற்றி.

* நம் மரபுத்தொடருக்கு ஆங்கிலம் தேடுபவர்களுக்கு, சென்னையின் மொழி அறக்கட்டளை 1997-ல் வெளியிட்ட 'தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி' கைகொடுக்கும். தமிழ் விளக்கம், ஆங்கில விளக்கம் இரண்டும் அதில் உண்டு.

அடுத்த மீட்டிங்கில் புரியாத இடியம் காதில் விழுந்தால், சேர்ந்து சிரிக்காதீர்கள். 'வாட் டஸ் தட் மீன்?' என்று கேட்டுவிடுங்கள். வார்சாவில் இருந்து வந்தவரும் அதைத்தான் கேட்பார்.

இந்த வார வீட்டுப்பாடம்: எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதவரிடம் பேசுவதை ஆங்கிலத்தில் 'டாக்கிங் டு எ பிரிக் வால்' என்பார்கள். போலந்தில் 'சுவரில் பட்டாணியை எறிவதுபோல'. தமிழில்? சங்கு ஊதி க்ளூ கொடுத்தாயிற்று. இனி உங்கள் பாடு!