காப்புரிமை பெற்றவர் காட்டவேண்டிய கணக்கு

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் நிரப்பித் தாக்கல் செய்யவேண்டிய படிவங்கள் பல உண்டு. அவற்றுள் 27-ஆம் எண் கொண்ட படிவம் பொதுமக்களின் கவனத்துக்கு அதிகம் வருவதில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு இந்நாட்டில் தனியுரிமை பெற்றவர், அக்கண்டுபிடிப்பை இங்கே செயற்படுத்தி வருகிறாரா, இல்லையா என்பதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் அறிக்கை அது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் வெளியான திருத்த விதிகள் இப்படிவத்தைப் பெரிதும் சுருக்கிவிட்டன. இதனை அலுவலகச் சீர்திருத்தம் என்று பலர் வரவேற்றுள்ளனர். ஆனால் இப்படிவத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதில் மகிழ்ச்சியடைய இயலாது.

காப்புரிமை என்பதன் அடிப்படையை முதலில் நினைவுகூர்தல் நலம். ஒருவர் தமது கண்டுபிடிப்பின் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகள் வரை, அவருடைய அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்தலும் விற்றலும் கூடாது என அரசாங்கம் பிறரைத் தடுத்து நிற்கிறது. இதில் பொதுமக்கள் கொடுக்கும் விலை சிறிதன்று. போட்டியின்மையால் பொருளின் விலை உயர்கிறது. அதே பொருளைச் செய்யும் ஆற்றலுள்ள பிறர் கைகட்டி நிற்க நேர்கிறது. இவ்வளவும் பொறுத்துக்கொண்ட பின்னர், அப்பொருள் நாட்டு மக்களுக்குப் போதிய அளவில் கிடைக்காமல் உரிமை மட்டும் பதிவேட்டில் உறங்குமாயின், விலை கொடுத்தும் சரக்கு வந்து சேரவில்லை என்றே கொள்ளவேண்டும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஏறத்தாழ இந்நிலைதான் இருந்தது. 1911-ஆம் ஆண்டின் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அதனை ஆராயுமாறு 1957-இல், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரை மத்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டது. 1959-இல் அவர் அளித்த அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. இந்தியக் காப்புரிமைகளில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அயல்நாட்டினர் கையில் இருந்தன என்றும், அவற்றுள் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவை இந்நாட்டில் செயற்படுத்தப்படவே இல்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். தொழிலை வளர்க்க வந்த சட்டம், அயல்நாட்டுச் சரக்கின் சந்தைக்கு வேலியாக மாறிவிட்டதை அக்கணக்கு ஒன்றே வெளிப்படுத்தியது.

அவ்வறிக்கையின் வழிவந்ததே 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். உரிமை பெற்றவர் இறக்குமதியின் ஏகபோகத்தை அனுபவிப்பதற்காக மட்டும் காப்புரிமை வழங்கப்படுவதில்லை என்று அதன் 83-ஆம் பிரிவு கூறுகிறது. வழங்கி மூன்றாண்டுகள் கழிந்த பின், மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, அல்லது கட்டுபடியாகும் விலையில் பொருள் கிடைக்கவில்லை, அல்லது கண்டுபிடிப்பு இந்நாட்டில் செயற்படுத்தப்படவில்லை என்று காட்டுவோர் கட்டாய லைசென்ஸ் கோரலாம் என்பது 84-ஆம் பிரிவு. இவற்றைக் காட்டுவதற்கு விவரம் வேண்டும் அல்லவா? அவ்விவரம் உரிமையாளரிடமே இருக்கிறது. ஆகவே அதனை அவரே தரவேண்டும் என 146-ஆம் பிரிவு விதித்தது. படிவம் 27 பிறந்த இடம் இதுவே.

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்பாட்டை ஏற்றதன் விளைவாக, 2005 முதல் மருந்துப் பொருள்களுக்கே நேரடியாகக் காப்புரிமை தரவேண்டியதாயிற்று. அதற்குமுன், 1970-ஆம் ஆண்டின் சட்டப்படி, மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை உண்டு. எனவே 2005-க்குப் பின்னர் இந்தப் படிவத்தின் மதிப்பு முன்னினும் உயர்ந்தது.

அதன் பயனை ஒரு வழக்கு நன்கு விளக்கும். சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் உரிய ‘நெக்சாவர்’ என்னும் மருந்துக்கு பேயர் கம்பெனி 2008-இல் இந்தியக் காப்புரிமை பெற்றது. ஒரு மாதச் சிகிச்சைக்கு அதன் விலை ரூ. 2,80,000-க்குச் சற்று மேல். ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ கம்பெனி அதே மருந்தை மாதம் ரூ. 8,800-க்குத் தரமுடியும் எனக் கூறிக் கட்டாய லைசென்ஸ் கோரியது. அப்போது கண்ட்ரோலரின் முன்னிருந்த சான்றுகளில், பேயர் கம்பெனியே தாக்கல் செய்திருந்த படிவம் 27-உம் ஒன்று. 2008-இல் மருந்து இறக்குமதியாகவே இல்லை என்பதும், அடுத்த ஆண்டுகளில் வந்ததும் மிகச் சிறிதளவே என்பதும் அதிலிருந்து தெரியவந்தன. 2012 மார்ச்சு 9-ஆம் நாள் லைசென்ஸ் வழங்கப்பட்டது. முதலில் நூற்றுக்கு 6 என்றும், மேல்முறையீட்டில் 7 என்றும் ராயல்டி நிர்ணயிக்கப்பட்டது. இந்நாட்டில் இதுவரை வழங்கப்பட்ட கட்டாய லைசென்ஸ் இது ஒன்றே. மருந்து எவ்வளவு வந்தது என்ற சாதாரணக் கேள்விக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பதில், அவ்வழக்கில் அத்துணை வலிமை பெற்றது.

தகுதியற்ற விண்ணப்பங்களை நுழைவாயிலிலேயே தடுப்பதற்கு வேறு ஏற்பாடுகள் உள்ளன. ‘கிளிவெக்’ மருந்தின் புதிய படிக வடிவத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் உரிமை மறுத்ததும், உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் அம்மறுப்பை உறுதி செய்ததும் பலரும் அறிந்தவை. 2023 மார்ச்சில், காசநோய் மருந்தான பெடாகுயிலினின் உப்பு வடிவத்துக்கான விண்ணப்பம், அந்நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் எழுப்பிய ஆட்சேபத்தின் பேரில் நிராகரிக்கப்பட்டது. அத்தகைய ஆட்சேபங்களுக்கும் 2024-ஆம் ஆண்டின் விதிகள் கட்டணம் விதித்துள்ளன என்பதை இங்கே குறிப்பிட்டு மேலே செல்லலாம். நுழைவாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்ட உரிமை என்ன செய்கிறது என்பதை அறியப் படிவம் 27 ஒன்றே வழக்கமான வழி.

அப்படிவத்துக்கு இப்போது நேர்ந்திருப்பது யாது? ஆண்டுதோறும் தரவேண்டிய அறிக்கையை இனி மூன்று நிதியாண்டுகளுக்கு ஒரு முறை தந்தால் போதும். நாட்டுக்குள் செய்தும் இறக்குமதி செய்தும் ஈட்டிய வருவாயின் மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை. செயற்படுத்தப்பட்டதா, இல்லையா என்று குறித்தால் போதுமானது. இல்லையாயின் காரணம் கூறவேண்டும்.

உரிமையாளர்கள் தரப்பில் நியாயமே இல்லை எனல் முறையன்று. ஒரு கைபேசிக்குள் ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் அடங்கியிருக்கும். அவற்றுள் ஒவ்வொன்றும் எத்தனை ரூபாய் ஈட்டியது எனப் பிரித்துக் காட்டுவது, சாம்பாரில் உப்பு ஈட்டிய வருவாயைக் கேட்பது போன்றதே. ஆனால் இக்குறை 2020-ஆம் ஆண்டின் திருத்தத்திலேயே பெரும்பாலும் தீர்க்கப்பட்டுவிட்டது. தொடர்புள்ள பல காப்புரிமைகளுக்கு ஒரே படிவம் தரவும், தனித்தனி மதிப்பு இயலாதபோது மொத்த மதிப்பைக் கூறவும் அது இடமளித்தது. கைபேசிக்குக் காட்டிய சலுகையை மருந்துக்கும் நீட்டவேண்டிய அவசியம் விளங்கவில்லை. ஒரே மூலக்கூறு, ஒரே மாத்திரை என்ற நிலையில் கணக்குச் சொல்வது எவருக்கும் கடினமன்று.

தண்டனைப் பகுதியும் மாறியுள்ளது. 2023-ஆம் ஆண்டின் ஜன விசுவாஸ் சட்டம் சிறைத்தண்டனையை நீக்கியது. அறிக்கை தராதவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை இருந்த அபராதம் 1 லட்சமாகவும், தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரூபாயாகவும் ஆயிற்று. பொய்யான தகவல் தருவோருக்கு, மொத்த விற்பனைத் தொகையில் நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது 5 கோடி ரூபாய், இவற்றுள் குறைந்தது வரை, தண்டத்தொகை விதிக்கலாம். இது கடுமையானதுதான். எனினும், கேட்கப்படாத கேள்விக்கு எவரும் பொய் கூறப்போவதில்லை.

2023-24-ஆம் நிதியாண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அவ்வாண்டின் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இந்தியருடையவை. ஐயங்கார் கண்ட நிலை தலைகீழாயிற்று என்பதில் பெருமை கொள்ளலாம். ஆயினும், 2021-இல் கட்டணம் நூற்றுக்கு 80 வீதம் குறைக்கப்பட்ட பின் நம் கல்வி நிலையங்கள் குவிக்கும் காப்புரிமைகளுள் எத்தனை தொழிற்சாலையை எட்டின, எத்தனை கல்லூரிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன என்பதை அறியவும் அதே படிவம்தான் வேண்டும். அயல்நாட்டுக் கம்பெனிகளை மட்டுமன்றி நம்மையும் அளக்கும் கோல் அது.

இனிப் பழைய விதிக்குத் திரும்புதல் எளிதன்று. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக உடன்படிக்கையிலும் மூன்றாண்டு இடைவெளி இடம் பெற்றுவிட்டது. உள்நாட்டு விதியொன்று இவ்வாறு அயல்நாட்டு உடன்படிக்கையின் வாசகமாகும்போது, அதனை மாற்றும் உரிமை பாதி கைநழுவிப் போகிறது. ஆனால் சட்டத்தின் 146-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு இன்னும் அப்படியே உள்ளது. எந்தக் காப்புரிமையாளரிடமும், எந்த நேரத்திலும், நோட்டீசு அனுப்பி, இரண்டு மாதத்துக்குள் விவரம் தருமாறு கண்ட்ரோலர் கேட்கலாம். அதனை வெளியிடவும் செய்யலாம். புற்றுநோய், காசநோய், அரிய மரபுநோய்கள் ஆகியவற்றுக்கான மருந்துகளைப் பொறுத்தமட்டிலேனும், எவ்வளவு செய்யப்பட்டது, எவ்வளவு இறக்குமதியாயிற்று, என்ன விலைக்கு விற்றது என்ற மூன்று விவரங்களை ஆண்டுதோறும் இவ்வதிகாரத்தின் கீழ் கேட்டுப் பெறுதல் இயலும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சில நூறு கடிதங்களே தேவை.

அவ்வாறு செய்யாவிடில், 2023-24-இல் வழங்கப்பட்ட அந்த லட்சத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பற்றிய முதல் செய்தியை அறிய, 2027 செப்டம்பர் 30 வரை காத்திருக்கவேண்டும்.