நிலத்தடி அறிந்து ஊர் அமைப்போம்

ஊரமைக்கப் புகுவோர் நிலத்தின் மேற்பரப்பை அளக்கின்றனர். அடியில் இருப்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. இக்குறை எத்துணைக் கேடு தரும் என்பதற்கு உமா ஓயாச் சுரங்கமே சான்று. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அதனுள் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன.

மலைநாட்டுக்குற்றது கரையோரத்துக்கு வாராதென்று நாம் இருத்தலாகாது. நமக்கு அணித்தான கற்பிட்டி மணலில் மழை தந்த நன்னீர், கனத்த உவர்நீரின்மீது மிதக்கின்றது. நன்னீர் மட்டம் 1 அடி தாழின், உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும் என்பது நீரியலார் கணக்கு. தோட்டத்து உரமோ அங்குக் கிணறுகளில் நைத்திரேற்றைப் பெருக்கிவிட்டது.

துளையிட்ட இடங்களின் குறிப்புகளைக் கணினியில் தொகுத்து, மண்ணும் பாறையும் அடுக்கடுக்காய்க் கிடக்கும் நிலையை உருவமாய்க் காட்டல் இன்று இயலும். கிளாஸ்கோ நகருக்குப் பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவையகம் அவ்வாறு செய்துள்ளது. செலவு மிகும் என்பார் சிலர். கிணறு தோண்டுந்தோறும் ஆழத்தையும் மண்ணின் தன்மையையும் குறித்துவைக்கப் பெருஞ்செலவு வேண்டுமோ?

மதுரங்குளியில் கட்டட அனுமதி வழங்குமுன், மலக்குழியும் குழாய்க்கிணறும் எங்கு அமையலாம் என்பதை இத்தகைய படங்கொண்டு தீர்மானித்தல் வேண்டும். பழைய மாணவருள் பொறியியலாளரும் அலுவலரும் இப்பணிக்கு முன்வருவாராக. உவரேறிய கிணற்றை மீட்டல் அரிது, காத்தலே அறிவுடைமை.