வேலியை வழித்துவிட்டால் விருந்தாளி எங்கே இறங்கும்?

புரட்டாசி, ஐப்பசியில் மழை தொடங்கும் சமயம், காலை ஆறு மணி சுமாருக்கு வேலிப் புதரிலிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்கும். மாலையிலும் அதே நேரத்தில் கேட்கும். ஆறுமணிக் குருவி வந்துவிட்டது என்பார்கள் பெரியவர்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, இரவு நேரத்தில் பறந்து தெற்கே வருகிற பறவை இது. சித்திரை வாக்கில் திரும்பிவிடும். புதரடியில் மக்கிய சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்பதுதான் அதன் பிழைப்பு.

நீர்ப்பறவைகளுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. அவ்வூர் விவசாயிகள் 1798-லேயே செங்கற்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஏரியை நாடாத பறவைகளுக்கு அப்படி யார் உத்தரவு வாங்குவது? கருணாபுரத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரை, காட்டை விட்டால் அவற்றுக்கு மிஞ்சுவது பட்டா நிலத்து உயிர்வேலியும் ஓடைக்கரைப் புதரும்தான். பொக்லைன் வந்தால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும்.

வேலியை எடுத்தால் கூடுதலாக இரண்டு சால் ஓட்டலாம் என்பது சிறு விவசாயிக்கு அற்ப விஷயம் அல்ல. புதரில் காட்டுப்பன்றி ஒதுங்குகிறது என்ற புகாரிலும் நியாயம் உண்டு. ஆனால் பன்றிக் கூட்டம் படுப்பது அடர்ந்த சீமைக்கருவேல் காட்டில். அதை அழிக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. நாலு முழ அகலக் கிளுவை வேலியில் பன்றிக்கு இடம் ஏது?

வேலியால் வரவும் உண்டு. சைபீரியாப் பக்கமிருந்து வரும் பழுப்புக் கீச்சான், சென்ற ஆண்டு உட்கார்ந்த அதே முட்கிளையைத் தேடி வரும் இயல்புடையது. வெட்டுக்கிளியும் புழுவும் அதற்கு இரை. 2018-ல் நம் நாட்டுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளத்தைப் படுத்தும் பாடு எல்லோரும் அறிந்ததே. விதைத்த 30 நாள் வரை ஏக்கருக்கு 10 இடத்தில் பறவை உட்காரக் குச்சி நடும்படி வேளாண் துறையினர் சொல்கிறார்கள். பறவை மட்டுமே புழுவை ஒழித்துவிடாது. மருந்துச் செலவில் ஒரு பங்கு குறைந்தால் லாபந்தானே. குச்சியை நட்டுவிட்டு வேலியை வெட்டினால், அதில் உட்கார எது வரும்?

வேலியைக் கழிக்கத்தான் வேண்டுமென்றால் வைகாசி, ஆனியில் கழிக்கலாம். வேரோடு பிடுங்க வேண்டாம். தை, மாசியில் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கத்தையும் சித்திரை கழியும்வரை நிறுத்தி வைக்கலாம். ஓடை தூர்வாரும்போது ஒரு கரைப் புதரையாவது விட்டுவைக்க ஊராட்சியார் முன்வர வேண்டும்.

ஐப்பசியில் களைத்துப்போன ஆறுமணிக் குருவி சில சமயம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வந்து விழும். பிள்ளைகள் கூண்டைத் தேடுவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, தெளிந்ததும் புதரோரம் திறந்துவிட்டால் போதும். பூனையை மட்டும் கட்டிப்போட வேண்டும்.