காதல் நாவலும் கற்றோர் ஏளனமும்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவரிடையே ஒரு விசித்திரமான ஒழுக்கம் நிலவுகிறது. நச்சினார்க்கினியர் உரை மேசையின் மேல் விரிந்து கிடக்கும். காதல் நாவல் தலையணையின் கீழ் மறைந்து கிடக்கும். முன்னதைப் பற்றி விரிவுரை மண்டபத்திற் பேசுவோர் பின்னதைப் பற்றி விடுதி அறையில் மட்டுமே பேசுவர். யாரேனும் வெளிப்படையாகக் கேட்பின், "பொழுது போகவில்லை" என்ற சமாதானம் உடனே வரும். இன்று அந்நாவல் கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டமையால் மறைத்தல் எளிதாயிற்று. வெட்கம் மட்டும் மாறவில்லை.

இவ்வெட்கத்தைக் கற்பித்தவர்கள் விமர்சகர்களே. காதல் நாவல்மீது அவர்கள் சுமத்தும் குற்றங்கள் மூன்று. ஒன்று, எல்லாக் கதைகளும் ஒரே கதை. இரண்டு, அவை வாழ்க்கையில் இல்லாதவற்றைக் காட்டும் பொய். மூன்று, அவை வாசகரை மயக்கும் அபின். இம்மூன்றனுள் முதலாவது அறியாமை, இரண்டாவது அவசரம், மூன்றாவது பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டமையால், இந்நாவல்களில் மெய்யாகவே கண்டிக்கத்தக்கது எதுவோ அது கண்டிக்கப்படாமலே தப்பி வந்திருக்கிறது.

முதலாவது குற்றச்சாட்டை நோக்குக. தலைவி யானையின் பிடியில் அகப்படுகிறாள், தலைவன் காக்கிறான், காதல் பிறக்கிறது. தலைவி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறாள், தலைவன் நீரிற் குதித்து மீட்கிறான், காதல் பிறக்கிறது. எட்டாக் கிளையில் உள்ள மலரை விரும்புகிறாள், அவன் பறித்துக் கொடுக்கிறான், காதல் பிறக்கிறது. இவை எந்த மாத நாவலின் கதைச்சுருக்கங்களும் அல்ல. களிறுதரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி, பூத்தரு புணர்ச்சி என அகப்பொருள் மரபு இவற்றுக்குப் பெயரிட்டு வைத்திருக்கிறது. யானைக்குப் பதிலாக மோட்டார் வண்டியையும், ஆற்று வெள்ளத்துக்குப் பதிலாகத் தெருச் சண்டியரையும் வைத்தால் இன்றைய காதல் நாவலின் முதலாம் அத்தியாயம் வந்துவிடும். இற்செறிப்பு, வரைவு கடாதல், அறத்தொடு நிற்றல், உடன்போக்கு என்பன அடுத்து வரும் அத்தியாயங்கள். குறுந்தொகையில் ஏறத்தாழ 200 புலவர்களின் 400 பாடல்கள் உள்ளன. அவர்கள் பாடிய சூழ்நிலைகளையோ ஒரு கைக்குள் அடங்கும் துறைகளாக வகுத்துவிடலாம். அதற்காகக் குறுந்தொகையை எவரும் "ஒரே பாட்டு" என்று தள்ளியதில்லை.

பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்த தமது ஆங்கில நூலில், மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோரின் வாய்மொழிக் காவிய ஆய்வுகளைப் பின்பற்றிச் சங்கச் செய்யுட்களில் வாய்பாடுகளும் வழிவழி வந்த கருப்பொருள்களும் பெறும் இடத்தை ஆராய்ந்தார். வாய்பாடு என்பது புலவனின் வறுமையன்று. பாடுவோனையும் கேட்போரையும் பிணைக்கும் பொது உடைமை என்பது அவ்வாய்வு நெறியினின்று பெறப்படும் தெளிவு. அதே ஆண்டில் அவரது 'தமிழ் நாவல் இலக்கிய'மும் வெளிவந்தது. நாவலை யதார்த்தத்தின் வடிவமாகக் கொள்ளும் அந்நூலின் செல்வாக்கில் வளர்ந்த பிற்கால மாணவர்கள் இரண்டாவது நூலை மனனம் செய்தனர். முதலாவது நூலைத் திறக்க மறந்தனர். பாணனுக்கு வழங்கிய சலுகையை மாத நாவலாசிரியைக்கு மறுப்பதற்கு இலக்கியக் காரணம் யாதும் இல்லை.

வாசகருக்கு முடிவு தெரியும் என்பது குற்றமாகச் சொல்லப்படுகிறது. முடிவு தெரிந்திருப்பதே இங்கு இன்பத்தின் அடிப்படை. தோழி அறத்தொடு நிற்பாள் என்பது சங்கப் பாடலைக் கேட்டோர்க்கு முன்னரே தெரியும். எவ்வாறு நிற்பாள், எச்சொல்லால் தாயின் நெஞ்சைத் திறப்பாள் என்பதே அவர்கள் காத்திருந்த விடயம். காதல் நாவலின் வாசகியும் "இணைவார்களா?" என்று கேட்பதில்லை, "இவ்வளவு கோபத்தை இந்த ஆசிரியர் எவ்வாறு அன்பாக மாற்றப் போகிறார்?" என்றே கேட்கிறாள். அது தேர்ந்த வாசகரின் கேள்வி.

சங்கப் புலவனின் சொல்லாட்சி எங்கே, மாதந்தோறும் அவசரமாக அச்சேறும் நாவலின் நடை எங்கே என்று இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். ஆட்சேபம் நியாயமானதே. மோசமான காதல் நாவல்கள் பல உண்டு. ஆயின் அவை மோசமானவை என்பதற்குக் காரணம் மோசமாக எழுதப்பட்டமையே ஒழிய, பழகிய பாதையிற் சென்றமை அன்று. அதே அளவுகோலைக் கொண்டு நோக்கின், வேலைநிறுத்தம், சிவந்த கீழ்வானம், கைகோத்த தொழிலாளர் என முடிந்த முற்போக்குச் சிறுகதைகளும் ஒரு வாய்பாட்டின் பிள்ளைகளே. அவற்றை எவரும் தலையணையின் கீழ் மறைக்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, பொய்மை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்தில் எழுந்த தேசிய இலக்கியக் கோட்பாடு மண்வாசனையையும் யதார்த்தத்தையும் வற்புறுத்தியது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் நிழலிலிருந்து ஈழத்து எழுத்தை விடுவித்தமை அதன் பெருந்தொண்டு. அதனை மறுப்பார் இலர். ஆனால் கதையில் நிகழ்வது ஊரில் நிகழாதது என்பதாலேயே அதனைப் பொய் என்று தள்ளும் பழக்கத்தையும் அது விட்டுச் சென்றது. ஊரில் நிகழாதது ஏன் கதையில் விரும்பப்படுகிறது என்ற கேள்வி கேட்கப்படவில்லை.

வாசகர் பெரிதும் விரும்பும் மூன்று வாய்பாடுகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, மோதலில் தொடங்கும் காதல். ஜேன் ஒஸ்ரின் 1813 இல் வெளியிட்ட நாவலில் எலிசபெத் என்பாள் டார்சியின் முதல் மண வேண்டுகோளை மறுத்துவிடுகிறாள். அம்மறுப்பைக் கேட்ட பின்னரே அவன் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்குகிறான். தமிழ் வீட்டில் பெண் பார்க்கும் சடங்கை இதனருகே வைத்து நோக்குக. அங்கு பெண் தேநீர்த் தட்டுடன் வருகிறாள், குனிந்து நிற்கிறாள், உள்ளே போகிறாள். அவளுக்குச் சினம் வரலாம் என்பதே அச்சடங்கின் நிகழ்ச்சி நிரலில் இல்லை. நாவலிலோ அவள் வாய் திறந்து ஏசுகிறாள், ஆண் நின்று கேட்கிறான், கேட்டதனால் மாறுகிறான். வாசகி சுவைப்பது முத்தத்தை மட்டுமன்று, தன் சொல்லுக்கு ஒருவன் செவிசாய்க்கும் அக்காட்சியையும் சேர்த்தே.

இரண்டாவது, விருப்பமின்றி நிகழ்ந்த திருமணத்தின் பின் மெல்ல மலரும் காதல். தமிழ்ப் பெண் வாசகரிடையே நீண்ட காலம் செல்வாக்குப் பெற்ற ரமணிசந்திரன் போன்றோரின் நாவல்களுக்குப் பழக்கமானவர்கள் இவ்வாய்பாட்டை நன்கு அறிவர். களவின் பின் கற்பு என்பது அகப்பொருள் வைத்த ஒழுங்கு; இங்கு கற்பின் பின் களவு. பெற்றோர் பேசி முடித்த மணமே பெரும்பான்மை வழக்காக இருந்த சமூகத்தில் இதனை வெறுங்கற்பனை எனல் பொருந்தாது. தாலி கட்டியவன் என்பதால் மட்டும் ஒருவன் கணவனாகிவிடுவதில்லை, மனைவியின் அன்பை அவன் உழைத்துப் பெறவேண்டும் என்பதே அக்கதைகளின் அடிநாதம். சட்டமும் சுற்றமும் முதல் நாளிலேயே கையளித்துவிடும் உரிமையை நாவல் இருநூறு பக்கங்களுக்குத் தள்ளிப்போடுகிறது.

மூன்றாவது, செல்வந்தன் ஏழைப் பெண்ணை மணத்தல். றிச்சட்சனின் 'பமேலா' 1740 இல் இதற்கு ஐரோப்பிய நாவலில் வழிகோலியது. எசமான் பணிப்பெண்ணை மணந்தான். ஈழத்து வாசகிக்கு இதன் பொருள் வேறு. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சீதனம் பெண்ணின் உடைமையாகவே கூறப்பட்டது. காலப்போக்கில் அது பெண்ணுக்குரிய சொத்து என்ற நிலையினின்று மாப்பிள்ளைக்குரிய விலை என்ற நிலைக்கு வந்துசேர்ந்தது. காணியும் வீடும் காசும் இல்லாத வீட்டில் மூன்று பெண்கள் இருப்பின் அவ்வீட்டின் இரவுகள் எத்தகையன என்பதை விளக்கவேண்டியதில்லை. அத்தகைய வீட்டில் இருந்து வாசிக்கும் பெண்ணுக்கு நாவலின் செல்வந்தத் தலைவன் பேராசையின் சின்னம் அல்லன், "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளாத ஒருவன். அவன் பணக்காரனாக இருக்கவேண்டியதன் காரணமும் அதுவே: கேட்கவேண்டிய தேவை இல்லாதவனாக அவன் இருந்தாலன்றிக் கதை நம்பத்தக்கதாகாது. இக்கனவு பொய்யெனின், அக்கனவைக் காணவைத்த கணக்கு மட்டும் மெய்யா என்று விமர்சகரே விடை கூறவேண்டும்.

மூன்றாவது குற்றச்சாட்டு, அபின். நோவு உள்ளவனே அபினை நாடுவான் என்பதை இவ்வுவமையைக் கையாள்வோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அமெரிக்க ஆய்வாளரான ஜானிஸ் ராட்வே 1984 இல் வெளியிட்ட ஆய்வில், காதல் நாவல் வாசிக்கும் பெண்களையே நேரில் வினவினார். பிறரைப் பேணுவதிலேயே நாள் கழியும் அப்பெண்களுக்குப் புத்தகத்துடன் இருக்கும் வேளை தமக்கென ஒதுக்கிய வேளையாக, வீட்டுக் கடமைகளிலிருந்து சற்று விலகிநிற்கும் உரிமையாக இருந்தது. அதே வேளையில் அக்கதைகள் அவர்களை அவ்வாழ்க்கையுடனேயே மீண்டும் சமாதானப்படுத்துகின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை. எதிர்ப்பும் இணக்கமும் ஒரே பக்கத்தில் உறைகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் விமர்சனமே விமர்சனம். "அபின்" என்ற ஒரு சொல்லுடன் புத்தகத்தை மூடிவிடுவது சோம்பல்.

இனி, கண்டிக்கவேண்டியதைக் கண்டிக்கலாம். காதல் நாவலில் ஒரு வாய்பாடு உண்டு, அதற்கு மன்னிப்பில்லை. ஏழைப்பெண் அல்லது அநாதைப் பெண் ஒருத்தியை உயர்குடித் தலைவன் விரும்புகிறான். குடும்பம் எதிர்க்கிறது. கதை முற்றும்போது ஒரு பழைய கடிதமோ கழுத்துச் சங்கிலியோ வெளிப்பட்டு, அவளும் அதே குடியிற் பிறந்தவளே என்று தெரியவருகிறது. எல்லோரும் மகிழ்கின்றனர். இங்கு தடை வெல்லப்படவில்லை. தடையே இருந்ததில்லை எனக் காட்டப்படுகிறது. காதல் சாதியை மீறியதாகப் போக்குக்காட்டிச் சாதியின் காலில் விழுந்து எழுகிறது. தொல்காப்பியம் தலைவனும் தலைவியும் ஒத்திருக்கவேண்டியனவாகப் பத்தினைக் கூறுகையில் பிறப்பையே முதலில் வைக்கிறது. தலைவன் உயர்ந்தோனாயினும் தடையில்லை என்று சலுகை தருகிறது. தலைவி உயர்ந்தவளாதல் பற்றி வாய் திறக்கவில்லை. செல்வத்தில் உயர்ந்த ஆண், செல்வத்தில் தாழ்ந்த பெண், பிறப்பில் மட்டும் இருவரும் ஒப்பு என்ற இன்றைய நாவலின் சட்டகம் அவ்விலக்கணத்தை அட்சரம் பிசகாமற் பின்பற்றுகிறது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. அத்தனை ஆண்டுகளின் பின்னரும் காதல் நாவலின் தலைவன் சாதி கடந்து மணம் முடிக்க ஒரு கழுத்துச் சங்கிலியின் சான்றிதழ் தேவைப்படுகிறது.

இதற்கு அடுத்தபடியாக வைக்கத்தக்கது, அறைந்தவனும் அடைத்துவைத்தவனும் காதலனாக மன்னிக்கப்படும் வாய்பாடு. முன்னர் கூறிய முதல் வாய்பாட்டில் பெண்ணின் சொல் ஆணை மாற்றியது. இதில் ஆணின் வன்மை பெண்ணின் மௌனத்தால் நியாயம் பெறுகிறது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இரண்டும் "மோதலில் தொடங்கிய காதல்" என்றே தோன்றும். அவற்றை வேறுபடுத்திக் காட்டவேண்டியவர் விமர்சகர். வாசிக்காத நூல்களை வகைப்படுத்த எவராலும் இயலாது.

ஏளனத்தின் நட்டம் இதுவே. மங்களநாயகம் தம்பையா என்னும் யாழ்ப்பாணப் பெண் மணவாழ்வின் துயரைப் பொருளாகக் கொண்டு 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியது 1914 இல். பெண்ணொருத்தி காதல், மணம் ஆகியவற்றைப் பற்றி ஈழத்தில் எழுதத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதனைப் பின்தொடர்ந்து பெண்கள் எதை வாசித்தனர், எதை விரும்பினர், எதை விழுங்கினர் என்ற வரலாறு எழுதப்படவேண்டிய இடத்தில் ஏளனம் மட்டுமே எழுதப்பட்டது.

விரிவுரை மண்டபத்தில் காதல் நாவலைப் பொய் என்று முழங்கும் மாணவன் நான்காண்டு கழித்துப் பட்டத்துடன் வீடு செல்வான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவனுக்காக நாலு வரி விளம்பரம் ஒன்று வெளிவரும். குடி, வயது, நிறம், உத்தியோகம், சாதகம், சீதனம் என்பன அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அதுவும் ஒரு வாய்பாடே; வாரந்தோறும் பெயர் மாறாமல் வரும் ஒரே கதையே. அதனை எவரும் வெட்கத்துடன் தலையணையின் கீழ் மறைப்பதில்லை. அடுத்த அறையில் காதல் நாவல் படித்துக்கொண்டிருக்கும் அவனுடைய தங்கை, அவ்விரு கதைகளுள் எது மனிதருக்கு உகந்தது என்பதை அவனிலும் நன்கு அறிவாள். அவளிடம் கேட்டறிய வேண்டியதைக் கேட்ட பின்னரே விமர்சகர் பேனாவை எடுத்தல் தகும்.